ஓட்டிப் பார்க்காத மோட்டாரும் உன்னைக் கேட்காமல் செய்த பொருத்தனையும்

கண்ணு,

பஸ் படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு நீ கேட்ட கேள்விக்கு இந்தப் பதில் பதினொரு நாள் தாமதமாக வருகிறது. சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் அன்றைக்குக் கரூர் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. உன் பெட்டியை அப்பா உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார். "அம்மா, நான் மில்லு வேலைக்குப் போயிட்டா, நீங்க ஆண்டவர்கிட்டப் பண்ணுன பொருத்தனை என்னாகுமுங்க?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர், "ஏனுங் தம்பி, ஏறுனா ஏறுங்க, எறங்குனா எறங்குங்க. ரெண்டும் ஒட்டுக்கா முடியாதுங்க" என்று சத்தம் போட்டார். நான் சொன்ன பதில் உனக்கு நினைவிருக்கும். "தயிர்சாதத்த மத்தியானத்துக்குள்ள சாப்பிட்டுரு கண்ணு, புளிச்சுப்போகும்." நீ சிரித்துவிட்டு ஏறிக்கொண்டாய். மில் இருக்கிற வெள்ளகோவில் போய் இறங்கும்வரை அந்தக் கேள்வி உன்னோடுதான் உட்கார்ந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு எத்தனை தடவை போன் செய்தேன் என்று கேட்காதே. கொசுவலை கட்டினாயா, பஞ்சுத் தூசிக்கு மாஸ்க் போடுகிறாயா, விடுதிக் குழம்பில் காரம் எப்படி, பக்கத்தில் எந்தச் சர்ச், அங்கே வாலிபர் கூட்டம் உண்டா. எல்லாம் கேட்டேன். நீ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. போன வாரம் நீயே மறுபடி ஆரம்பித்தாய். வேதாகமக் கல்லூரி விண்ணப்பத்துக்கு இந்த மாதம் கடைசி, மில்லிலும் நிலைத்து இருப்பாயா என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்கிறார்கள், "வேலையை உட்டுட்டு வந்துரட்டுங்களாம்மா?" என்றாய். "ஜெபம் பண்ணிச் சொல்றேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன். அது பதில் இல்லை, நழுவல். பதில் தெரியாமல் நழுவவில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த இரண்டு தப்புகளை உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒன்று உனக்குத் தெரியும், ஆனால் அது தப்பு என்று தெரியாது. இன்னொன்று உனக்குச் சுத்தமாகத் தெரியாது. இன்று எங்கள் பக்கம் மாதாந்திர மின்தடை. கரண்ட் இல்லாமல் மோட்டார் சோதிக்க முடியாது என்று முதலாளியே மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆகவே கம்பெனி நேரத்தைத் திருடி இந்தக் கடிதத்தை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் திருட்டைப் பற்றித்தான் பின்னால் சொல்லப்போகிறேன்.

உன்னைப் பெற்றபோது எனக்கு இருபத்தொரு வயது. பி.எஸ்சி. இயற்பியல் கடைசிப் பரீட்சை எழுதி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இப்போது உனக்கு இருபத்திரண்டு, எனக்கு நாற்பத்து மூன்று. சர்ச்சுக்குப் புதிதாக வருகிறவர்கள் நம்மை அக்கா தம்பி என்று நினைத்துக் கேட்பார்கள். நீ முகத்தைச் சுளிப்பாய், எனக்கு உள்ளுக்குள் குளிரும். ஆனால் அந்தச் சின்ன வயதில் அம்மாவாக இருப்பது குளிர்ச்சியான காரியமாக இல்லை. நீ ஏழரை மாதத்தில் பிறந்தாய். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். உன் நெஞ்சு ஏறி இறங்குவதை வெளியே நின்று எண்ணுவதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இல்லை. மூன்றாம் நாள் காலை, ஒரு தரம் ஏறிய நெஞ்சு இறங்கக் கொஞ்சம் தாமதித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு சொன்னேன்: "ஆண்டவரே, இவனைப் பிழைக்க வையும். இவனை உம்முடைய சபை ஊழியத்துக்கே தந்துவிடுகிறேன்." அதுதான் நான் செய்த பொருத்தனை. டீ வாங்கப் போயிருந்த அப்பா திரும்பி வந்ததும் அவரிடம் சொன்னேன். டம்ளரை என் கையில் கொடுத்தார். "ஏம்மிணி, பையன்ல என்ற பங்கும் பாதியிருக்குதில்ல? என்னையக் கேக்கவே இல்லியே?" என்றார். விளையாட்டாகச் சொன்னார் என்று நினைத்தேன். விளையாட்டாகவேதான் சொன்னார். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். உன்னையும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உன்னால் பேச முடியாது. பேச முடியாதவன் பெயரில் வாக்குக் கொடுத்தேன்.

நீ பிழைத்தாய். அந்த நன்றியை நான் எப்படிச் செலுத்தினேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. நீ மிட்டாயை ஒளித்து வைத்தால், "ஊழியத்துக்குப் போற பையன் பொய் சொல்லலாமா?" நீ கணக்கில் கோட்டை விட்டால், "பரவாயில்ல, நீ கணக்கு வாத்தியாரா ஆகப்போற?" விருப்பமே இல்லாமல் கீபோர்டு வகுப்பு, பைபிள் வசனப் போட்டி, பிரசங்கப் போட்டி. உனக்குப் பிடித்தது என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. நம் வீட்டு மிக்ஸியை எத்தனை தரம் கழற்றியிருப்பாய்! கழற்றியதைத் திருப்பி மாட்டி, அது முன்னைவிடச் சத்தம் குறைவாக ஓடும்போது உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அப்பா தன் பட்டறையிலிருந்து உனக்காகத் தேய்ந்த பேரிங்குகளைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். நீங்கள் இரண்டு பேரும் அவற்றைத் தரையில் பரப்பி உட்கார்ந்தால், "ரெண்டு பேரும் ஜெபத்துக்கு வாங்க" என்று கூப்பிட்டு அந்தச் சந்தோஷத்தைக் கலைப்பது என் வழக்கம். "ஆண்டவரும் தச்சுப் பட்டறைக்காரர்தான் அம்மிணி, கோவிச்சுக்க மாட்டார்" என்பார் அப்பா. அதற்கும் முறைப்பேன்.

பத்தாம் வகுப்பு கிறிஸ்துமஸ் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பாட்டுக்கு நடுவே கரண்ட் போனது. ஜெனரேட்டர் எழும்பவில்லை. பாடகர் குழுவிலிருந்து நீ நைசாக நழுவிப் பின்பக்கம் போனாய். இருபது நிமிஷத்தில் ஆலயம் முழுக்க விளக்கு எரிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். நீ அவசர அவசரமாக ஓடிவந்து உன் வரிசையில் நின்றாய், வெள்ளைச் சட்டையில் ஆயில் கறையோடு. நான் என்ன செய்தேன்? எழுந்து வந்து உன் காதில், "ஆண்டவர் சந்நிதியில இப்படியா வந்து நிக்கறது? போய்க் கையக் கழுவிட்டு வா" என்றேன். நீ ஏற்றிய வெளிச்சத்தில்தான் ஆயர் பிரசங்கம் செய்தார். நீ ஏற்றிய வெளிச்சத்தில்தான் உன் கையிலிருந்த கரி என் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றைக்கு நீ போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாய். அதற்குப் பிறகு மெஷின் பற்றி என்னிடம் பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டாய். அதை நான் பக்தி வளர்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் உன்னைக் கேட்காமலே வேதாகமக் கல்லூரி விண்ணப்பத்தை வாங்கிப் பாதி நிரப்பி வைத்தேன். அந்த வாரமே மில்லிலிருந்து உனக்கு வேலை உத்தரவு வந்தது. நான்கு நாள் அதை நீ துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாய். வேலை கிடைத்த சேதியை ஒரு பிள்ளை அம்மாவிடம் ஒளிக்கிற வீடாக நம் வீட்டை நான் ஆக்கியிருந்தேன். கண்டுபிடித்துக் கேட்டபோது, "ரெண்டே வருசம்மா. செஞ்சுட்டு ஊழியத்துக்கு வந்தர்றேன்" என்றாய், ஆண்டவரிடம் லீவு கேட்கிறவன் மாதிரி. அது முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது நடந்தது. எங்கள் மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் நான் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வேலை இதுதான்: கிணற்றுக்குள் இறக்குகிற மோட்டார் ஒவ்வொன்றையும் தொட்டித் தண்ணீரில் இறக்கி ஓட்ட வேண்டும். எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அட்டை மோட்டாரோடு தொங்கிக்கொண்டு விவசாயி வீட்டுக்குப் போகும். ஒவ்வொரு மோட்டாரின் மேலும் கை வைத்து ஒரு சின்ன ஜெபம் செய்வது என் பழக்கம். கம்பெனியில் எல்லோருக்கும் அது தெரியும். எங்கள் ஃபோர்மேன் பழனிச்சாமி அண்ணன், "அம்மணி, என்ற முட்டிக்கும் ஒரு ஜெபம் போட்டுடுங்க, படி ஏற முடியல" என்று கேலி செய்வார். எனக்கு அந்தக் கேலியில் பெருமை. கம்பெனியில் ஆண்டவருக்குச் சாட்சியாக இருக்கிறேன் என்று நினைப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை சபையில் பெண்களுக்கு உபவாச ஜெபம். பதினொரு மணிக்குள் போக அனுமதி வாங்கியிருந்தேன். போவதற்கு முன் முடிக்க வேண்டிய மோட்டார் ஆறு பாக்கி. ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரமாவது ஆகும். மணி பத்தே முக்கால். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், சிரிக்காதே. ஆறு மோட்டாரின் மேலும் வரிசையாகக் கை வைத்து, "ஆண்டவரே, இது நல்லா ஓடட்டும்" என்று ஜெபித்தேன். முந்தின மோட்டார்களின் எண்களைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து அட்டையில் எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். ஒன்றைக்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. அதோடு விட்டேனா? கூட்டத்தில் ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்று, "இன்னைக்கு நெறைய வேலை இருந்தது, ஆண்டவர் அற்புதமா சீக்கிரம் முடிக்க உதவி செஞ்சார்" என்றேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன், கண்ணில் நீரோடு. பொய் என்று அப்போது தோன்றவே இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது.

சில வாரம் கழித்துப் பழனிச்சாமி அண்ணன் வந்தார். "அம்மணி, நம்ம மோட்டார் ஒண்ணு சத்தியமங்கலத்துல பத்து நாளாச் சும்மா உறுமிக்கிட்டே இருக்குதாமா. தண்ணி வரலியாமா. மோட்டார டெஸ்ட் பண்ணுனவங்க நேர்ல வந்து பாக்கோணும்னு அந்தம்மா ஒரே புடியா நிக்குதாமா." முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீங்க டெஸ்ட் பண்ணுனதுதானுங்களாம்மா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அண்ணனோடும் இன்னும் இரண்டு ஆட்களோடும் வேனில் போகிற வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டே போனேன், அங்கே வேறு ஏதாவது கோளாறாக இருக்க வேண்டும் என்று. ஒயர் போயிருக்கலாம், பைப் உடைந்திருக்கலாம். யார் மேலாவது அந்தத் தப்பு இருக்கட்டும் என்று ஆண்டவரிடமே கேட்டுக்கொண்டு போனேன் பார்.

அது ஒரு மல்லிகைத் தோட்டம். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், பெயர் சரோஜா. வேனிலிருந்து நாங்கள் நான்கு பேர் இறங்கியதைப் பார்த்து, "வாங்க வாங்க. கோயமுத்தூர்ல இருந்து ஒரு படையே வந்துருக்குதுங்களே! மோட்டார் ஓடியிருந்தா எனக்கு நான் ஒருத்தியே போதுமுங்க" என்றாள். வரப்போரம் இரண்டு பிளாஸ்டிக் குடங்கள் இருந்தன. பத்து நாளாகப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சுமந்து ஊற்றியிருக்கிறாள். பாதிச் செடியைத்தான் காப்பாற்ற முடிந்திருக்கிறது. மீதிப் பாதி சருகாக நின்றது. அவள் என் அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். "இந்தக் கையெழுத்து யாருதுங்க?" என்றாள். "என்னுதுங்க." "அம்சமாத்தானுங்க இருக்குது. இதையக் காட்டுனா செடி குடிச்சுக்குமுங்களா?"

கயிறு கட்டி மோட்டாரை மேலே ஏற்றினார்கள். பழனிச்சாமி அண்ணன் உட்கார்ந்து பிரித்தார். உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்தைத் தண்டோடு பிடித்து வைக்க ஒரு சின்ன இரும்புத் துண்டு போடுவோம், சுண்டுவிரல் நகத்தின் அளவுதான் இருக்கும். அதைப் போடவே இல்லை. தண்டு சுற்றியிருக்கிறது, சக்கரம் அப்படியே நின்றிருக்கிறது. தொட்டியில் ஒரு நிமிஷம் ஓட்டியிருந்தாலே தெரிந்திருக்கும். அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவளிடம் திரும்பி, "வர்ற வழியில ரோடு மோசமுங்க, குலுங்குனதுல உள்ளார ஏதாச்சும் நழுவி…" என்று ஆரம்பித்தார். என்னைக் காப்பாற்றத்தான். நான் தலையை ஆட்டினால் போதும். ஏனோ அந்தச் சருகுப் பாத்தியைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்ட முடியவில்லை.

"ரோடு இல்லீங்க. நான்தானுங்க. நான் ஓட்டிப் பாக்கவே இல்லீங்க."

"பாக்காம? பின்ன என்னத்தப் பண்ணுனீங்க?"

"ஜெபம் பண்ணுனேனுங்க."

கிணற்றுக்குள் புறா படபடத்தது. அப்புறம் சரோஜா சிரித்தாள் பார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. "அட அம்மிணி! நானும் பத்து நாளாப் பண்ணாரி ஆத்தாளக் கும்புட்டுக்கிட்டேதானுங்க இருக்கறேன். கும்புடறதுக்கு அங்க ஒருத்தி, இங்க ஒருத்தி. மோட்டாரப் பாக்கறதுக்குத்தானுங்க ஆளில்லாமப் போச்சு!" பழனிச்சாமி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்ந்து. சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. "சிரிச்சுப்போட்டேன்னு செடி பொழச்சுக்காதுங்க" என்றாள் மெதுவாக. "ஆமாங்க" என்றேன்.

அண்ணன் அந்தத் துண்டைப் பொருத்திக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்டாக எடுத்துக் கொடுத்தேன். மோட்டாரை இறக்கினார்கள். சுவிட்சை நீங்களே போடுங்க என்று சரோஜா என்னிடம் சொன்னாள். பைப் முதலில் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு தண்ணீர் வந்தது கண்ணு! பைப் வாய்க்கு எதிரே முட்டாள்தனமாக நின்றுகொண்டிருந்தேன். தலையிலிருந்து கால்வரை நனைந்துவிட்டேன். காய்ந்த வாய்க்காலில் அது நுரைத்துக்கொண்டு ஓடி, முதல் பாத்திக்குள் திரும்பி, செடியடி மண் கறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தேன். "ஸ்தோத்திரம்" என்று என் வாயிலிருந்து வந்தது. உபவாச ஜெபத்தில் சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் இந்தத் தடவை அதற்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிற ஒரு மோட்டார் இருந்தது. என் ஆயுளில் அப்படி ஒரு ஆராதனையில் நான் நின்றதில்லை. ஈரச் சேலையோடு வேனில் திரும்பி வந்து, நேராக முதலாளியிடம் போய் ஆறையும் சொன்னேன். மீதி ஐந்தில் மூன்று குடோனிலேயே இருந்தன. மற்ற இரண்டை அண்ணனோடு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்தேன். ஐந்தும் நன்றாகவே ஓடின. முதலாளி சத்தம் போடவில்லை. "ஒரு மாசத்துக்கு அட்டையில உங்க கையெழுத்து வேண்டாமுங்க" என்றார். அவ்வளவுதான். நான் மீட்டர் பார்ப்பேன், வேறொருவர் கையெழுத்துப் போடுவார். அந்த மாதம் எவ்வளவு நீளம் என்று சொல்லித் தெரியாது.

ஜெபம் பண்ணாதே என்று சொல்ல இதை எழுதவில்லை, கண்ணு. இன்றைக்கும் சோதனைத் தொட்டியின் வால்வைத் திறக்குமுன் ஒரு நொடி கண்ணை மூடுகிறேன். இது நன்றாக இருக்கட்டும் என்று கேட்பதில்லை. இதில் தப்பு இருந்தால் என் கண்ணில் படட்டும் என்று கேட்கிறேன். நீயும் மெஷினுக்கு முன்னால் நிற்கும்போது அப்படிக் கேட்டுப் பார். ஷிஃப்ட் முடியுமுன் சர்ச் நிகழ்ச்சி என்று கிளம்பாதே. அப்படியே போக வேண்டியிருந்தால், மாற்று ஆள் வந்து நின்ற பிறகு போ. ஆயுத பூஜை வரும். நான் சேர்ந்த முதல் வருஷம், "நாங்க இதெல்லாம் பண்ண மாட்டோம்" என்று மூக்கை உயர்த்திக்கொண்டு ஒதுங்கி நின்றேன். முந்தின நாள் எல்லோரும் மெஷினைக் கழுவித் துடைக்கிற வேலையையும் சேர்த்துத் தட்டிவிட்டேன். "கும்புட வேண்டாம் அம்மணி, அது உங்க இஷ்டம். கூட்டித் தொடைக்கறதுல என்னங்க மதம்?" என்றார் பழனிச்சாமி அண்ணன். இப்போது என் தொட்டியை நானே தேய்த்துக் கழுவுகிறேன். பூஜை நேரத்தில் ஓரமாக நிற்பதும் அவர்களுக்குப் பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது. மற்றபடி, உன் மேஜையில் வசனம் ஒட்டுவதும் ஒட்டாததும் உன் பாடு. உன்னோடு வேலை செய்கிறவர்கள் அதைப் படிப்பதற்கு முன் உன்னைப் படித்துவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் அன்றைக்குச் சரி செய்யாமல் விட்டேன். சபையில் சொன்ன சாட்சியை நான் திருப்பி எடுக்கவே இல்லை. பதினைந்து வருஷம். போன வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்து முழுக் கதையையும் சொன்னேன், உன் பொருத்தனையையும் சேர்த்து. ஓட்டிப் பார்க்காத மோட்டாருக்குக் கையெழுத்துப் போட்ட அதே கைதான் உனக்கும் போட்டது என்று சொன்னேன். முன்வரிசை டெய்சி அக்கா, "அடிப் பாவி, அன்னைக்கு நான் எவ்வளவு சத்தமா ஸ்தோத்திரம் சொன்னேன்!" என்றார், கூட்டமே சிரித்தது. பிறகு ஆயரைப் பார்த்து, இந்தப் பொருத்தனையிலிருந்து என்னை விடுவிக்க வழி இருக்கிறதா என்று கேட்டேன். "நீங்க அதை என்கிட்டப் பண்ணலையேம்மா. யார்கிட்டப் பண்ணுனீங்களோ அவர்கிட்டயே பேசுங்க. அப்புறம் உங்க பையனையும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றார். ஆண்டவரிடம் பேசிவிட்டேன். "உமக்குத் தருகிறேன் என்றேன், ஆனால் என்ன வேலைக்கு என்பதையும் நானே முடிவு செய்துவிட்டேன், மன்னியும்" என்றேன். நெஞ்சு லேசானது.

இப்போது உன்னிடம் சொல்கிறேன். நான் செய்த பொருத்தனை உன் தோளில் இல்லை. அது என்னுடையது, அதை ஆண்டவரிடம் நானே பேசித் தீர்த்துக்கொண்டேன். உனக்கு உள்ளேயிருந்து ஊழியத்துக்கு அழைப்பு வந்தால் மாதக் கடைசி என்ன, நாளைக்கே கிளம்பு, நானே வந்து பெட்டி கட்டித் தருகிறேன். ஆனால் என் அழுகைக்குப் பயந்து ஆண்டவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வராதே. மில்லில் இருப்பதென்றால் லீவு வாங்கிக்கொண்டு இருக்கிறவன் மாதிரி இருக்காதே, முழுசாக இரு. மாதக் கடைசியில் நீ எந்தப் பதில் சொன்னாலும் அது உன் பதிலாக இருக்கட்டும்.

இத்தனையும் எழுத எனக்குத் தைரியம் வந்தது முந்தாநாள். அப்பாவிடம் நீ போனில் முக்கால் மணி நேரம் பேசினாய். சமையலறையிலிருந்து அப்பாவின் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. "அப்புறம்? அப்புறம்?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மெஷினில் நூல் ஓயாமல் அறுந்துகொண்டிருந்ததாமே. அங்கே நிற்கிற பெண்கள் நாள் முழுக்க ஓடி ஓடி அறுந்ததை முடிச்சுப் போட்டுக் கால் வீங்கிப்போனார்களாமே. நீ உன் நேரத்துக்கு முன்பே போய் மூன்று நாள் அதன் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டுக் கண்டுபிடித்தாயாமே. அந்த அக்காமார் உனக்குச் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தார்களாமே. "என்கிட்ட ஏன் இதைச் சொல்லலை?" என்று அப்பாவிடம் கேட்டேன். "நீ எப்பக் கேட்ட அம்மிணி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்ன கோளாறு என்று கேட்டதற்கு, "அவன்கிட்டயே கேளு, நான் சொன்னா அந்த ருசி வராது" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த மெஷின் பக்கத்தில் நீ நின்ற மூன்று நாளும் ஆண்டவருக்குத் தெரியும். எனக்குத்தான் ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூப்பிடு. பக்கத்தில் பேப்பரும் பேனாவும் வைத்துக்கொள்கிறேன், புரியாவிட்டால் நடுவில் நிறுத்திக் கேட்பேன், நானும் இயற்பியல் படித்தவள்தான். அந்த மெஷினுக்கு என்ன பெயர், கண்ணு? முதலில் என்ன சத்தம் கேட்டது?